கூடுதல் டேங்க் கொண்டுவராத லாபம்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் பதினெட்டுச் சக்கர டிரக்குகளில், கேபினுக்குக் கீழே இரு பக்கமும் உருளை வடிவில் அலுமினிய டேங்குகள் இருக்கும். ஒவ்வொன்றும் பெரும்பாலும் 100 முதல் 150 கேலன் வரை பிடிக்கும். ஒரு கேலன் என்பது ஏறக்குறைய 3.8 லிட்டர். இதுவும் போதாதென்று இன்னொரு டேங்கை மாட்டவோ, இருப்பதைப் பெரிதாக மாற்றவோ சொந்த வண்டி ஓட்டுபவர்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படி நினைக்க வைக்கும் கணக்குகளில் பாதி தப்புக் கணக்கு.

“விலை குறைந்த மாநிலத்தில் நிரப்பிக்கொண்டால் வரி மிச்சம்”

அதிகம் பேருக்குக் கைநஷ்டம் தரும் நம்பிக்கை இதுதான். பங்க்கில் எழுதியிருக்கும் விலைக்குள் மாநில வரியும் அடக்கம். டெக்சாஸில் டீசலுக்கு அது கேலனுக்கு 20 சென்ட். பென்சில்வேனியாவில் 70 சென்ட்டுக்கும் மேல். அங்கே வாங்கி இங்கே எரித்தால் நடுவில் இருக்கும் 50 சென்ட் நமக்குத்தானே என்று தோன்றும். இல்லை. ‘இஃப்டா’ எனப்படும் எரிபொருள் வரி ஒப்பந்தத்தில் அலாஸ்கா, ஹவாய் நீங்கலான 48 மாநிலங்களும் கனடாவின் 10 மாகாணங்களும் சேர்ந்திருக்கின்றன. டீசலை எங்கே வாங்கினாலும் வரி, வண்டி ஓடிய மாநிலத்துக்கே போய்ச் சேரும். எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடியது, எங்கே எத்தனை கேலன் வாங்கியது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் கொடுக்க வேண்டும். டெக்சாஸில் கட்டாமல் விட்டதைப் பென்சில்வேனியா அந்தக் கணக்கில் வாங்கிவிடும்.

ஆகவே வரியைக் கழித்துவிட்டு விலையைப் பார்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு டெக்சாஸில் கேலன் 3.60 டாலர், பென்சில்வேனியாவில் 3.90 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வரியைக் கழித்தால் முன்னது 3.40, பின்னது 3.20. விலைப்பலகையில் 30 சென்ட் அதிகமாகத் தெரிந்த இடம்தான் உண்மையில் 20 சென்ட் மலிவு. டெக்சாஸிலேயே கூடுதலாக 100 கேலன் ஏற்றிக்கொண்டு கிளம்பியவருக்கு 20 டாலர் நஷ்டம். ஓரிகனில் கனரக டிரக்குகளுக்குப் பங்க்கில் மாநில டீசல் வரியே கிடையாது; எடைக்கும் மைலுக்கும் சேர்த்துத் தனி வரி உண்டு. அங்கே வரியில்லாமல் நிரப்பிக்கொண்டு அடுத்த மாநிலத்தில் எரித்தால் அந்த மாநிலத்தின் வரியைக் கட்டியாக வேண்டும். வரி போக மலிவாகக் கிடைக்கும் இடத்தில் நிரப்புவது மட்டுமே லாபம். அதற்குப் பெரும்பாலான வழித்தடங்களில் இருக்கும் டேங்கே போதும்.

“பங்க்கில் நிற்காமல் ஓடலாம்”

வண்டி ஓடலாம், டிரைவர் ஓட முடியாது. தனியாக ஓட்டுபவர் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது; அதற்கு மேல் ஓட்ட இடையில் 10 மணி நேர ஓய்வு வேண்டும். 8 மணி நேரம் ஓட்டியபின் அரை மணி நேர இடைவேளையும் கட்டாயம். கேலனுக்கு ஆறரை மைல் என்றால் 200 கேலனில் 1,300 மைல். ஒருவருக்கு அது இரண்டு நாள் ஓட்டம். எப்படியும் நிற்கப்போகிறவருக்கு இதில் என்ன மிச்சம்? இரண்டு டிரைவர்கள் மாறி மாறி ஓட்டும் வண்டி என்றால் கதை வேறு.

“டீசல் என்ன பெரிய எடை?”

100 கேலன் டீசல் சுமார் 700 பவுண்டு, அதாவது 320 கிலோ. சரக்கோடு சேர்த்து மொத்த எடை 80,000 பவுண்டைத் தாண்டக்கூடாது. இடத்தை அடைத்தாலும் எடை குறைந்த சரக்கை ஏற்றுபவருக்குக் கவலையில்லை. இரும்போ, பானமோ ஏற்றுபவருக்கு அந்த 700 பவுண்டும் வாடகை தராத சுமை. மேலும் டேங்குகள் முன் ஆக்சிலுக்குச் சற்றுப் பின்னால் இருப்பதால் எடையில் கணிசமான பங்கு அதன்மேல் விழும். மொத்த எடை சரியாக இருந்தும் முன் ஆக்சிலில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

“எந்தப் பட்டறையிலும் ஒரு டேங்க் அடித்து மாட்டிவிடலாம்”

இங்கே பணத்தைவிட உயிர் பெரிது. பக்கவாட்டு டேங்குக்கு மத்திய அரசின் விதி கடுமையானது. எரிபொருளுக்கு இணையான எடையில் தண்ணீர் நிரப்பி, 30 அடி உயரத்திலிருந்து ஒரு மூலை தரையில் படும்படி போட்டாலும், நிமிடத்துக்கு ஓர் அவுன்ஸுக்கு மேல் கசியக்கூடாது. கொள்ளளவில் 95 சதவீதத்துக்கு மேல் நிரப்ப முடியாதபடி வடிவமைப்பு இருக்க வேண்டும். சூட்டில் டீசல் விரிய இடம் வேண்டுமே. தயாரித்த மாதமும் ஆண்டும், தயாரித்தவர் பெயரும், விதிக்கு உட்பட்டது என்ற வாசகமும் டேங்கிலேயே இருக்க வேண்டும். பழைய டேங்க் வாங்குபவர் முதலில் தேட வேண்டியது அந்த எழுத்தைத்தான்.

குழாய் வேலையில்தான் தவறு அதிகம் நடக்கிறது. எஞ்சினுக்குப் போகும் டீசல் முழுவதும் எரிவதில்லை. மிச்சம் சூடாகத் திரும்பி வரும். புதிய டேங்கிலிருந்து எடுத்து, திரும்புவதைப் பழைய டேங்கிலேயே விட்டால், ஒன்று காலியாகும்போது மற்றொன்று பொங்கி வழியும். சில வண்டிகளில் இரண்டு டேங்கையும் அடியில் ஒரு குழாய் இணைக்கும். சாலையில் கிடக்கும் டயர் துண்டு ஒன்று அடித்து அது பிய்ந்தால் இரண்டு டேங்கும் சேர்ந்து காலியாகிவிடும். இரு முனையிலும் வால்வும், குழாய்க்கு அடிபடாத காப்பும் வைக்காத வேலையை வேலை என்றே ஏற்கக்கூடாது.

குளிர்பதன டிரெய்லரின் டேங்கிலிருந்து முன்வண்டிக்கு இழுத்துக்கொள்ளும் யோசனை சிலருக்கு வருவதுண்டு. வண்டி ஓடும்போது முன்வண்டிக்கும் டிரெய்லருக்கும் இடையே எரிபொருள் குழாய் இருக்கவே கூடாது. அந்த டேங்கில் இருக்கும் வரி கட்டாத சிவப்புச் சாய டீசலை முன்வண்டியில் எரித்தால் அபராதம் 1,000 டாலர் அல்லது கேலனுக்கு 10 டாலர், இதில் எது அதிகமோ அது.

“பெட்ரோல்தான் பற்றும், டீசல் பற்றாது”

காலி டேங்கில் வெல்டிங் வைப்பவர்கள் சொல்வது. டேங்க் காலியானாலும் சுவரில் ஒட்டிய டீசல் இருக்கும். வெல்டிங் சூட்டில் அது ஆவியாகிக் காற்றோடு கலந்தால் வெடிக்கும். ஓட்டை விழுந்த டேங்கை ஒட்டுப்போடாமல் மாற்றிவிடுங்கள்.

கூடுதல் டேங்க் உண்மையிலேயே தேவைப்படும் பாதைகளும் உண்டு. அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலையில் கோல்ட்ஃபுட்டைத் தாண்டினால் டெட்ஹார்ஸ் வரை 240 மைலுக்குப் பங்க் கிடையாது. கடுங்குளிரில் எஞ்சினை அணைக்காமல் வைத்திருக்கவே டீசல் செலவாகும். அங்கே ஓடுபவர் குளிர்கால டீசலைத்தான் நிரப்ப வேண்டும். தெற்கத்திய மாநிலங்களில் வாங்கிய சாதாரண டீசல் வட மாநிலக் குளிரிலேயே மெழுகு கட்டி ஃபில்டரை அடைத்துவிடும். பெரிய டேங்க் நிறைய அது இருந்தாலும் வண்டி நகராது.