காலிப் பை ஒன்று எடுத்துப் போங்கள்

என் மகள் வீட்டுக்கு வந்ததும் நாங்கள் செய்த முதல் காரியமே தப்பு. அவள் உடுத்தி வந்த ஆரஞ்சு கவுன் சாயம் போய், இடுப்பில் தையல் விட்டிருந்தது. குளிப்பாட்டிப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டு, மறுநாள் காலை அந்தக் கவுனைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். அன்று ராத்திரி அவள் பாலும் கேட்கவில்லை, பொம்மையும் கேட்கவில்லை. "என் கவுன் எங்க?" என்று மட்டும் கேட்டாள். அப்போது அவளுக்கு ஐந்தரை வயது. அவளுடையது என்று உலகத்தில் இருந்தது அந்த ஒரு துணிதான். மூன்று நாள் அழுதாள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

தத்தெடுக்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் நடைமுறை பற்றித்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

குழந்தைக்காகச் சிகிச்சைக்குப் போய்வந்த காலத்தில் ஒரு தனியார் மருத்துவமனை நர்ஸ், "பணம் மட்டும் ரெடி பண்ணுங்க, பிறந்த குழந்தையையே கையில குடுத்துடலாம்" என்றார். என் கணவர் அங்கேயே எழுந்துவிட்டார். சிறார் நீதிச் சட்டம், 2015-ன்படி குழந்தையை வாங்கினாலும் விற்றாலும் 5 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம். மருத்துவமனை ஆட்களே செய்தால் 7 ஆண்டு வரை போகும். அதைவிடப் பெரிய கொடுமை, அப்படி வரும் குழந்தையைப் பெற்றவள் மனம் ஒப்பித்தான் கொடுத்தாளா என்பது யாருக்கும் தெரியாது. முறையாக ஒப்படைக்கும் தாய்க்கு மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு.

எங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்து, மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான 'காரா'வின் இணையதளத்தில் பதிவு செய்தோம். நம் வீட்டையும் குடும்பத்தையும் பார்க்கும் இல்ல ஆய்வுக்கு 6,000 ரூபாய். குழந்தை கைக்கு வரும்போது, அதை வளர்த்த தத்து மையத்துக்கு 50,000 ரூபாய். ரசீது உண்டு. விதியில் இல்லாத பணத்தை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

இல்ல ஆய்வுக்குச் சமூகப் பணியாளர் வருகிறார் என்றதும் வீட்டுக்கு வெள்ளையடித்தேன். அவர் சுவரைப் பார்க்கவே இல்லை. என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க சொந்தத்துல யாராவது இது நம்ம ரத்தம் இல்லன்னு சொன்னா, நீங்க என்னம்மா பதில் சொல்வீங்க?" என்று கேட்டார். அத்தைக்கு நாக்கு எழவில்லை. பெரியவர்களிடம் இந்தப் பேச்சை நீங்கள் முன்கூட்டியே பேசி முடித்திருக்க வேண்டும். நாங்கள் அதற்குப் பிறகுதான் பேசினோம்.

முதலில் எல்லோரையும் போல இரண்டு வயதுக்குள் என்றுதான் குறித்திருந்தோம். அந்த வரிசை நீளமானது. வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த வயதுப் பிள்ளைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85-க்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கும் உண்டு. பணியாளர்தான் சொன்னார்: "நாலு வயசு தாண்டின பிள்ளைங்களைக் கேட்டு வர்றவங்க ரொம்பக் கம்மி மேடம்." அந்த வாக்கியம் எங்களைத் தூங்கவிடவில்லை. விருப்பத்தை மாற்றினோம்.

ஒருநாள் போனில் புகைப்படமும் இரண்டு அறிக்கைகளும் வந்தன. முடிவு சொல்ல 48 மணி நேரம். மருத்துவ அறிக்கையை உங்களுக்குத் தெரிந்த குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். ரத்த வகை, எடை, தடுப்பூசி எல்லாம் தாளில் இருக்கும். பிள்ளை எப்படித் தூங்கும் என்று இருக்காது. அது மையத்தில் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்குத்தான் தெரியும். மையத்துக்கு நேரில் போனபோது அலுவலக அறையில் இருந்தபடியே பேசித் திரும்பிவிட்டோம். ஆயாவிடம் கேட்கத் தோன்றவில்லை.

தனி அறை, கட்டில், பூப்போட்ட மெத்தை என்று ஆசை ஆசையாய்த் தயார் செய்திருந்தேன். அவள் அதில் ஒருநாளும் கண்மூடவில்லை. கடைசியில் மையத்துக்குப் போன் செய்து ஆயாவைப் பிடித்தேன். "வரிசையா பாயிலதாம்மா படுப்பாங்க. இவ நடுவுல படுப்பா. லைட்டை அணைக்க மாட்டோம்" என்றார். அன்று ராத்திரி கூடத்தில் பாய் விரித்தோம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் என் கணவர், விளக்கு எரிந்தபடி. பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டாள்.

தலையணை உறைக்குள் இட்லி ஒளித்து வைப்பாள். திட்டவே கூடாது. கைக்கெட்டும் உயரத்தில் அவளுக்கென்று ஒரு தூக்கில் முறுக்கும் வாழைப்பழமும் வைத்தேன். நாலைந்து மாதத்தில் இட்லி ஒளிப்பது நின்றது.

'அம்மா' என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்த்த முதல் நிமிஷமே என்னை அம்மா என்றாள். நான் உருகிப்போனேன். மறுநாள் பூக்காரி, அதற்கு மறுநாள் எதிர்வீட்டுக்காரர், எல்லோரும் அம்மாதான். மையத்தில் பெண்கள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிட்டு வளர்ந்திருக்கிறாள். அந்தச் சொல் எனக்கு மட்டும் என்று ஆக ஒரு வருஷம் பிடித்தது. அவசரப்படுத்தாதீர்கள்.

தத்து ஆணையை முன்பு நீதிமன்றம் கொடுத்தது. 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட ஆட்சியரே கொடுக்கிறார். பிள்ளை வீட்டுக்கு வந்ததிலிருந்து இரண்டு வருஷம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பணியாளர்கள் வந்து பார்ப்பார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒப்பிக்க வேண்டாம். அவள் என்னை அடிக்கிறாள் என்பதை இரண்டாவது முறை வந்தபோது அழுதுகொண்டே சொன்னேன். ஆற்றுப்படுத்துநரை ஏற்பாடு செய்தார்கள். பிள்ளையைத் திரும்ப எடுத்துப் போய்விடுவார்களோ என்று பயந்து ஆறு மாதம் வாய்திறக்காமல் இருந்தது வீண்.

எல்லாக் குழந்தையையும் தத்துக் கொடுக்க முடியாது. உறவு இருந்தும் வளர்க்க வழியில்லாத பிள்ளைகள் இல்லங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வளர்ப்புப் பராமரிப்பு என்ற வழி இருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள். 2024 வழிகாட்டு நெறிகளின்படி 35 வயது நிறைந்த, தனியாக வாழ்பவர்களும் விண்ணப்பிக்கலாம். தத்துக்குத் தகுதியான பிள்ளையாக இருந்தால் இரண்டு ஆண்டு வளர்த்தபின் தத்தெடுக்கவும் கேட்கலாம். மனசும் இடமும் உள்ளவர்கள் மாவட்ட அலகில் போய்க் கேளுங்கள்.

குழந்தையை அழைக்கப் போகும் நாளில் புதுத் துணி எடுத்துப் போவீர்கள், இனிப்பு எடுத்துப் போவீர்கள். கூடவே ஒரு காலிப் பையும் எடுத்துப் போங்கள். தட்டு, டம்ளர், ஒற்றைச் செருப்பு, கிழிந்த கவுன், பிள்ளை தன்னுடையது என்று எதைக் காட்டினாலும் அதில் போட்டுக் கொண்டுவாருங்கள்.