கணனியும் துறை வழிகாட்டியும்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழமும் அகலமும் உலகறிந்தவை. எனினும், பெருங்கப்பலொன்று இத்துறையுட் புகுங்கால், மீகாமன் எத்துணை அனுபவசாலியாயினும், இடமறிந்த வழிகாட்டி ஒருவரை ஏற்றிக்கொள்வது கடலோடிகள் மரபு. மீகாமன் கப்பலை அறிவான். வழிகாட்டி துறையை அறிவார். பழைய சிறு கணனிகளை ஆண்ட சி.பி.எம் என்னும் பணிசெயல் முறைமையும் இத்தகையதொரு பிரிவினாலேயே பரவிற்று. அதனை மாணவர்க்கு ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

மொன்டெரி நகரிலுள்ள அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த கேரி கில்டால் 1974ஆம் ஆண்டில் இம்முறைமையை ஆக்கினார். தொடக்கத்தில் வன்பொருள் பற்றிய குறிப்புக்கள் முறைமை முழுவதிலும் விரவிக் கிடந்தன. புதிய இயந்திரம் வருந்தோறும் அவற்றைத் தேடித் திருத்துதல் பெருந்தொல்லையாயிற்று. ஆகவே, இயந்திரத்தோடு நேரே பேசும் பகுதியை அவர் தனியே பிரித்து, அதற்கு 'பயோஸ்' எனப் பெயரிட்டார். கோப்புக்களைப் பேணும் நடுப்பகுதி 'பிடோஸ்' எனப்பட்டது. இது எல்லாக் கணனிகளுக்கும் ஒன்றே. பயோஸ் மட்டும் கணனிக்குக் கணனி வேறு.

செயல்முறையைப் பார்ப்போம். நிரலொன்று திரையில் ஓர் எழுத்தை இட விரும்பின், சி என்னும் பதிவகத்தில் 2 என்ற எண்ணையும், ஈ என்னும் பதிவகத்தில் அவ்வெழுத்தின் குறியெண்ணையும் வைத்து, நினைவகத்தின் 5ஆம் முகவரியை அழைக்கும். அவ்வளவே நிரலின் கடமை. அவ்வழைப்பு பிடோஸை அடையும். பிடோஸ் பயோஸின் ஐந்தாவது வாயிலைத் தட்டும். 1979இல் வெளிவந்த 2.2 பதிப்பில் இத்தகைய வாயில்கள் 17. ஒவ்வொன்றும் மூன்று பைற்று. ஆக, 51 பைற்று அளவேயான சிறு பட்டியல்! வாயிலுக்கு அப்பால் நடப்பது அவ்வவ் இயந்திரத்தின் சொந்த விடயம். ஒரு கணனி எழுத்தைத் திரை நினைவகத்தில் நேரே பதிக்கும். மற்றொன்று கம்பி வழியே தனி முனையத்துக்கு அனுப்பும். நிரல் இவ்வேறுபாட்டை அறியாது, அறிய வேண்டுவதுமில்லை.

இதன் பயனை நம் நாட்டிலேயே கண்டோம். 1956இல் சுவாமி மலையடியிற் கடலுள் மூழ்கிக் கோணேசர் கோயிற் சிதைவுகளைக் கண்டவருள் ஒருவரான ஆதர் சி. கிளார்க்கை இவ்வூரார் அறிவர். அவர் பின்னர் '2010' என்னும் தம் நாவலை ஆர்க்கைவ்ஸ் என்ற கணனியில் வேர்ட்ஸ்டார் மென்பொருளால் எழுதி, கொழும்பிலிருந்து ஒரே ஓர் ஐந்தங்குல வட்டில் நியூயோர்க்குக்கு அனுப்பினார். அந்நாவலைப் படமாக்கிய பீற்றர் ஹயம்ஸோடு 1983இல் கெய்ப்ரோ கணனிகள் வாயிலாகத் தொலைபேசி வழியே மடலாடினார். ஆர்க்கைவ்ஸும் கெய்ப்ரோவும் வெவ்வேறு நிறுவனத்தார் செய்தவை. எனினும் வேர்ட்ஸ்டார் இரண்டிலும் இயங்க வல்லதாயிருந்தது.

நிற்க. கில்டாலின் பிரிவினை முழுமையானதன்று என்பது எம் கருத்து. எழுத்தைத் திரையின் எவ்விடத்தில் இடுவது என்பதற்குப் பயோஸில் வாயிலே இல்லை; ஆதலின் வேர்ட்ஸ்டாரை ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியே பொருத்த நேர்ந்தது. வட்டின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. எட்டங்குல வட்டுக்கு ஐ.பி.எம் வகுத்த பொது ஒழுங்கு இருந்தது. ஐந்தங்குல வட்டிலோ ஒவ்வொரு நிறுவனமும் தன் மனம்போல் தடங்களையும் கூறுகளையும் வகுத்தது. ஒரே முறைமை, ஒரே மென்பொருள், ஒரே அளவு வட்டு. ஆயினும் ஒன்று எழுதியதை மற்றொன்று படிக்கமாட்டாது. ஒரு துறைக்குப் பழகிய வழிகாட்டியை வேறு துறையில் நிறுத்தியது போலாம்.

அவ்வட்டுக்களை இன்று திறக்க முயல்வோர் முதலில் வினவுவது, எழுதியவர் யார் என்பதன்று. எழுதிய இயந்திரம் யாது என்பதே. பழைய மாணவர் எவரிடமேனும் அக்காலத்து வட்டு இருக்குமாயின், அதன் உறைமேற் கணனியின் பெயரையும் மறவாது குறித்து வைப்பாராக.