கடைசிப் பந்திக்கும் அதே சோறு



அன்புக்கொடி மக்களே, மாசி 20 நெருங்குகிறது. அய்யா வைகுண்டர் அவதாரத் திருநாளுக்கு வீட்டுக்கு வீடு அரிசி சேர்க்கத் தொடங்கிவிட்டோம். இந்த நேரத்தில் போன ஆண்டு நைனார்பாளையத்தில் நாங்கள் செய்த ஒரு தவற்றை ஒளிக்காமல் சொல்லிவிட்டுப் பாடத்துக்குள் போகிறேன்.

நாலைந்து குடும்பம் சேர்ந்து அன்னதர்மம் வைத்தோம். 300 பேர் வருவார்கள் என்று 40 கிலோ அரிசி போட்டோம். போதுமா என்று கேட்டவர்களிடம், "தர்மத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது" என்று சொன்னது நான்தான். வந்தவர்கள் 200 பேர்கூட இல்லை. மூன்று மணிக்கு இரண்டு அண்டா சோறு அப்படியே நின்றது. இன்னும் யாராவது வருவார்கள் என்று மூடி வைத்தோம். இரவு திறந்தால் வாடை அடித்தது, சோறு நூல் விட்டிருந்தது. கொல்லையில் குழி வெட்டிக் கொட்டினோம். மறுநாள் காலை, கரும்பு வெட்ட வந்து வயலோரம் குடிசை போட்டிருந்த கூட்டத்திலிருந்து ஓர் அம்மா குண்டானோடு வந்து, "நேத்து சோறு போட்டீங்களாமே, ஏதாச்சும் மிச்சம் இருக்குதுங்களா?" என்றார். அரை மைல் தூரத்தில் இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

துவையல் தவசை நினைத்துப் பாருங்கள். வாகைப்பதியில் சுமார் 700 குடும்பங்கள் கடலோரம் தங்கித் தவம் இருந்தன. துணியைத் துவைத்து, உடம்பையும் மனத்தையும் தூய்மையாக்கி, பச்சரிசியும் சிறுபயறும் வேகவைத்து ஒருவேளை உண்டார்கள். அந்த அரிசியும் பயறும்தான் இன்றும் சாமித்தோப்பில் நித்தப்பாலாக நம் கைக்கு வருகிறது. வாங்கியதைச் சிந்தாமல் குடிக்கிறோம், பாத்திரத்தின் அடியில் மீதம் விடுவதில்லை. அதே நாம் விருந்து இலையில் மட்டும் பாதிச் சோற்றை மடித்துவிட்டு எழுந்திருக்கிறோம். பாலுக்கு ஒரு மரியாதை, சோற்றுக்கு வேறொரு மரியாதையா?

சமபந்தியிலும் இதே கதைதான். தாழ்த்தி வைக்கப்பட்டவர்கள் பிறரோடு அமர்ந்து உண்ண முடியாதிருந்த காலத்தில் அய்யா எல்லோரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தார். இன்று சாதி பார்த்து நாம் யாரையும் தள்ளி உட்கார வைப்பதில்லை. ஆனால் முதல் பந்திக்குக் கேட்காமலே இரண்டு கரண்டி கூட்டும் வடையும் பாயசமும் விழுகின்றன. அதில் பாதி எச்சில் இலையோடு போகிறது. கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள் யார்? பாத்திரம் கழுவியவர்கள், இலை எடுத்தவர்கள், பந்தல் போட்டவர்கள். அவர்களுக்கு ரசமும் அடிப்பிடித்த சோறும். ஒரே வரிசை என்பது இடத்துக்கு மட்டும்தானா என்று எனக்கு அடிக்கடி தோன்றுகிறது.

நம் பகுதிக்குச் சோற்றின் அருமையை வெளியார் வந்து சொல்ல வேண்டியதில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் பக்கத்துச் சேலம் மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்டது. கஞ்சித்தொட்டி என்ற சொல்லைப் பாட்டிமார் வாயில் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய கணக்கோ வேறு மாதிரி. ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022இல் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் நூற்றுக்கு 60 பங்கு வீடுகளில் வீணானது. ஒரு கிலோ நெல் விளைய சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் ஆகிறது. கிணறு வற்றி ஆழ்துளைக் குழாய்க்குக் கடன் வாங்கியவருக்கு இந்தக் கணக்கு சொல்லாமலே புரியும்.

சரி, என்ன செய்யலாம்? ஒரு கிலோ அரிசி எட்டு முதல் பத்துப் பேருக்குத் தாராளமாகப் போதும். பொரியல், பாயசம் எல்லாம் இருந்தால் பத்துப் பேர் என்றே வைத்துக்கொள்ளலாம். முழு அரிசியையும் ஒரே உலையில் போடாதீர்கள். பாதியை வடித்துவிட்டு, இரண்டாம் பந்தி உட்காரும்போது ஆளைப் பார்த்து அடுத்த உலை வையுங்கள். போடாத அரிசி அரிசியாகவே இருக்கும், மறுநாள் பாலுக்கு உதவும். பரிமாறுகிறவர் கேட்டுப் போட வேண்டும். குழந்தைக்குத் தனி இலை போட்டாலும் கால் கரண்டியில் தொடங்கலாம்.

மீந்தால் காத்திருக்கக் கூடாது. வெந்த சோற்றில் வெப்பத்துக்குச் சாகாத கிருமி வித்துகள் தங்கும். வெதுவெதுப்பில் அவை பெருகி விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே சூடு இறங்கி இரண்டு மணி நேரத்துக்குள் உண்பவர் கைக்குச் சோறு போய்ச் சேர வேண்டும். கெட்டுப்போனதைக் கொடுப்பது தர்மத்தில் சேராது.

"மாட்டுக்கு வைத்தால் புண்ணியம்தானே" என்பார்கள். ஒரு கைப்பிடி சரி. அண்டாவோடு சோற்றைக் கவிழ்த்தால் மாட்டின் வயிற்றில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்து. 2024 ஜூனில் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் பரோட்டாவை அதிகம் தின்ற ஐந்து மாடுகள் இறந்தன.

இந்த மாசி 20க்கு நாங்கள் முதல் உலைக்கு 12 கிலோ என்று முடிவு செய்திருக்கிறோம். மீதி அரிசி மூட்டை கட்டியபடி இருக்கும். பந்தலில் வேலை செய்கிறவர்கள் இரண்டாம் பந்தியிலேயே உட்காருவார்கள். அப்போது பரிமாறுவது பெரியவர்கள் பொறுப்பு. இரண்டு மணிக்கு ஒரு பையன் சைக்கிளில் கரும்பு வெட்டுகிறவர்களின் குடிசைகளுக்குப் போய் எத்தனை பேர் என்று கேட்டு வருவான். அந்த எண்ணிக்கையைக் கேட்ட பிறகுதான் கடைசி உலை ஏறும்.