மதுரை என்னும் வகுப்பறை

நுழையும்முன்

அயல்மொழியைக் கற்க அம்மொழி வழங்கும் நகருக்கே சென்று தங்குவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஸ்பானிய மொழி கற்போர் மாட்ரிட் நகரை நாடுகின்றனர். தமிழ் கற்போர் மதுரையை நாடி வருகின்றனர். பிறந்தது முதல் நாம் பேசிவரும் மொழியைப் பிறர் எவ்வாறு முயன்று கற்கின்றனர் என அறிவது, நம் மொழியின் இயல்பை அறியவும் பிறமொழியைக் கற்கும் வழியை உணரவும் துணைசெய்யும்.

இரு தலைநகரங்கள்

ஸ்பெயின் நாட்டின் அரசவை 1561ஆம் ஆண்டு மாட்ரிட் நகருக்கு மாறியது. ஸ்பானிய மொழியைப் பேணுவதற்கான அரச கழகம் 1713இல் அங்கு நிறுவப்பட்டது. அம்மொழியை உலகெங்கும் கற்பிக்க 1991இல் தோன்றிய செர்வாண்டிஸ் நிறுவனத்தின் தலைமையிடமும் அந்நகரே. அங்குச் சென்று பயில்வோர் வகுப்பறையில் இலக்கணத்தையும், அங்காடியிலும் தெருக்களிலும் வாழும் மொழியையும் கற்கின்றனர்.

பாண்டியர் தலைநகரான மதுரையும் அத்தகைய நகரமே. மாங்குடி மருதனார் இயற்றிய மதுரைக்காஞ்சி, இந்நகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் காட்டுகிறது. 'தூங்கா நகரம்' என்னும் பெயர் இன்றும் இதற்கு வழங்குகிறது. 1901ஆம் ஆண்டு பாண்டித்துரைத் தேவர் இங்கு நான்காம் தமிழ்ச்சங்கத்தை நிறுவினார். பழம்பெருமையும் ஓயாத பேச்சும் ஒருங்கே அமைந்த நகரம், மொழி கற்போருக்கு ஏற்ற வகுப்பறையாகிறது.

முன்னோடி மாணவர்கள்

இத்தாலி நாட்டினரான இராபர்ட் தெ நொபிலி 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்தார். சமயப் பணிக்காக வந்த அவர், மக்களின் மொழியையும் வாழ்க்கைமுறையையும் அறியாமல் அவர்களிடம் பேச இயலாது என உணர்ந்தார். தமிழையும் வடமொழியையும் கற்றுத் தமிழ் உரைநடையில் நூல்கள் இயற்றினார். தத்துவபோதகர் எனவும் அழைக்கப்பட்டார்.

அடுத்த நூற்றாண்டில் அதே நாட்டிலிருந்து வந்தவர் வீரமாமுனிவர். சதுரகராதியையும் தேம்பாவணியையும் தந்த அவர், அயல்நாட்டார் தமிழ் கற்பதற்காக இலத்தீன் மொழியிலும் இலக்கணம் எழுதினார். செந்தமிழுக்கு ஒன்றும், கொடுந்தமிழ் எனப்பட்ட பேச்சுத்தமிழுக்கு ஒன்றுமாக இரு நூல்களை அவர் எழுதியது எண்ணத்தக்கது. தமிழ் கற்க வருபவர் இரண்டு தமிழைக் கற்க வேண்டும் என்பதைத் தம் பட்டறிவால் உணர்ந்தவர் அவர்.

இரண்டு தமிழ்

1961இல் தொடங்கப்பட்ட இந்திய ஆய்வுகளுக்கான அமெரிக்க நிறுவனம், தமிழ் வகுப்புகளை மதுரையில் நடத்தி வருகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் கோடைக்கால வகுப்புகளுக்கும் கல்வியாண்டு வகுப்புகளுக்கும் வருகின்றனர். மதுரையில் அயல்நாட்டு மாணவர்க்குத் தமிழ் கற்பித்த மொழியியல் அறிஞர் கு. பரமசிவம், ஜேம்ஸ் லிண்ட்ஹோமுடன் இணைந்து தமிழ் கற்போருக்கான பாடநூலை உருவாக்கினார். தமிழர்க்கே தம் மொழியின் அமைப்பை விளக்கும் 'இக்காலத் தமிழ் மரபு' என்னும் நூலையும் எழுதினார்.

நூலில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' எனக் கற்ற மாணவி, தெருவில் 'வந்துக்கிட்டிருக்காங்க' எனக் கேட்கிறார். பூக்கடைக்குச் செல்லும் அவரைக் கடைக்கார மூதாட்டி, "என்னம்மா வேணும்?" என்கிறார். தம்மைவிட வயதில் மிக மூத்தவர் தம்மை 'அம்மா' என அழைப்பது மாணவிக்கு வியப்பளிக்கிறது. விடைபெறும்போது 'போகிறேன்' எனச் சொல்லாமல் 'போயிட்டு வாரேன்' எனச் சொல்ல வேண்டும் என்பதும் அங்குதான் புரிகிறது. சொல்லின் பொருளை அகராதி தரும். அச்சொல் சுமந்துவரும் அன்பையும் மரபையும் மக்களே கற்றுத்தர இயலும்.

பெயர்ப்பலகை தரும் பாடம்

மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் செல்லும் வழியில் உள்ள பகுதி பழங்காநத்தம். பேருந்தின் பெயர்ப்பலகையில் இப்பெயரைப் படிக்க முயலும் அயல்நாட்டு மாணவர்க்கு ஒரு சொல்லிலேயே ஒரு பாடம் அமைந்துவிடுகிறது.

முதலில் ழகரம். வகுப்பறையில் நாவை வளைத்துப் பயின்ற ஒலியைப் பேருந்து நிறுத்தத்தில் பலர் ளகரமாக ஒலிக்கக் கேட்டு அவர் திகைப்பார். அடுத்து ககரம். 'கடல்' என்பதன் ககரமும் 'தங்கம்' என்பதன் ககரமும் எழுத்தால் ஒன்று, ஒலியால் வேறு. மெல்லினத்தை அடுத்து வருவதால் 'ங்கா' மென்மை பெறுகிறது. இரட்டித்து வருவதால் 'த்த' வன்மையாகவே ஒலிக்கிறது. 'பந்து', 'பத்து' ஆகிய சொற்களைச் சொல்லிப் பார்த்தால் இவ்வேறுபாடு விளங்கும். நாம் எண்ணிப் பாராமலே பின்பற்றும் இவ்விதியை அவர் எண்ணி எண்ணிப் பழகுகிறார்.

இறுதியில் 'நத்தம்'. ஊர்மக்கள் குடியிருக்கும் நிலத்தைக் குறிக்கும் இச்சொல், 'நத்தம் பட்டா' என வருவாய்த்துறை வழக்கில் இன்றும் வாழ்கிறது. ஊர்ப்பெயரின் பொருளை அயலவர் கேட்கும்போது, அவ்வூரிலேயே பிறந்தவரும் ஒரு கணம் நின்று சிந்திக்க நேர்கிறது.

பிழைக்கு அஞ்சாமை

தமிழில் கேட்போரை உள்ளடக்கினால் 'நாம்', விலக்கினால் 'நாங்கள்'. ஸ்பானிய மொழியில் இவ்வேறுபாடு இல்லை. "நாங்கள் சாப்பிடப் போகலாம்" என நண்பரிடம் சொல்லும் மாணவர், தம்மை அறியாமலே அந்நண்பரை விலக்கிவிடுகிறார். நண்பர் சிரித்துத் திருத்துகிறார். அதன்பின் அவ்வேறுபாட்டை மாணவர் மறப்பதில்லை.

மாட்ரிட் செல்லும் தமிழ் மாணவர்க்கும் இதே நிலைதான். நெருக்கமானவரிடம் 'தூ' எனவும், மதிப்பிற்குரியவரிடம் 'உஸ்தேத்' எனவும் அங்குச் சொல்ல வேண்டும். நீ, நீங்கள் என்னும் வேறுபாட்டை அறிந்த தமிழர்க்கு இது எளிது. ஆயினும் ஸ்பானிய மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பாலாக அமையும். மேசையும் பெண்பால், புத்தகமும் ஆண்பால் என்னும் முறை, உயர்திணை அஃறிணை என்னும் பகுப்பில் வளர்ந்தவரைத் தடுமாறச் செய்யும். அப்போது அவர் பிழைபடப் பேசியே தேற வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர், தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழியில் இளங்கலை பயிலலாம். செர்வாண்டிஸ் நிறுவனத்தின் மையம் ஒன்றும் தில்லியில் உள்ளது. வாய்ப்பு இருந்தும் பலரைத் தடுப்பது, தவறாகப் பேசினால் பிறர் நகைப்பரோ என்னும் அச்சமே. மதுரைத் தெருவில் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசும் அயல்நாட்டு மாணவரை எவரும் இழிவாக எண்ணுவதில்லை. அவரது முயற்சியைக் கண்டு மகிழ்ந்து, சொல்லெடுத்துக் கொடுக்கின்றனர். அவருக்குக் காட்டும் அப்பரிவை, வகுப்பில் ஆங்கிலமோ பிறமொழியோ பேசத் தயங்கும் நண்பருக்கும் காட்டலாம். தமக்குத் தாமே காட்டிக்கொள்ளவும் செய்யலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ப்பெயரை அயல்நாட்டு மாணவர் ஒருவருக்கு ஒலித்துக் காட்டி, அதன் பொருளை விளக்குவதுபோல் உரையாடல் ஒன்றை எழுதுக.

2. 'நாம்', 'நாங்கள்' ஆகியவற்றை மாற்றி வழங்கினால் பொருள் வேறுபடும் ஐந்து தொடர்களை எழுதுக.

3. உங்கள் பகுதிக் கடைத்தெருவில் வழங்கும் பத்துப் பேச்சுத் தொடர்களைத் தொகுத்து, அவற்றின் எழுத்து வழக்கையும் எழுதி ஒப்பிடுக.