கிச்சிலி மரத்தின் குளிர்கால இல்லம்

ஒவ்வொரு மரத்திற்கும் அதற்கென ஓர் இயல்பு உண்டு. அவ்வியல்பை அறிந்து பேணுவோர்க்கே அது பயன் தரும். அன்பு மட்டும் இருந்து அறிவு இல்லையாயின், பேணுதலே கேடாய் முடிதலும் உண்டு. குளிர்நாடுகளில் தொட்டியில் வளர்க்கப்படும் கிச்சிலி, எலுமிச்சை மரங்களின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

கிச்சிலியும் எலுமிச்சையும் நாரத்தையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இமயத்தின் தென்கிழக்கு அடிவாரமும் அதனை அடுத்த நாடுகளும் இவ்வினத்தின் தாயகம் ஆகும். 'ஆரஞ்சு' என்னும் பெயரும் கீழ்த்திசையிலிருந்து சென்றதே. வடமொழியில் நாரங்கம் என்றும், அரபியில் நாரஞ்ச் என்றும் வழங்கிப் பின்னர் ஐரோப்பிய மொழிகளிற் புகுந்த இச்சொல்லின் வேர், நம் 'நாரத்தை'யோடு உறவுடைய திராவிடச் சொல் என்று மொழிநூலார் பலர் கருதுவர்.

வெம்மைக்கு உரிய இம்மரங்களால் ஐரோப்பாவின் உறைபனியைத் தாங்க இயலாது. ஆகவே, அவற்றைப் பெரிய மரப்பெட்டிகளில் வளர்த்துக் குளிர்காலத்தில் கட்டடத்தினுள் கொண்டு சேர்க்கும் வழக்கம் தோன்றியது. பிரான்சு நாட்டு வெர்சேல்சு அரண்மனையில் இதற்கெனவே ஒரு மாளிகை உள்ளது. பதினான்காம் லூயி மன்னரின் ஆட்சியில், 1684 முதல் 1686 வரை, மான்சார் என்னும் கட்டடக் கலைஞர் அதனை அமைத்தார். நடுக்கூடம் 150 மீட்டருக்கு மேல் நீளமுடையது. சுவர்களின் கனம் 4 முதல் 5 மீட்டர். சாளரங்கள் தெற்கு நோக்கியவை. வடநாடுகளில் குளிர்காலக் கதிரவன் தென்வானில் தாழ்ந்து செல்வதால், ஒளி கூடத்தின் உட்புறம் வரை பாய்கிறது. பகலில் பெற்ற வெம்மையைத் தடித்த சுவர்கள் காக்கின்றன. வெளியே நீர் உறையும் நாளிலும் உள்ளே 5 பாகை செல்சியசுக்குக் கீழே குளிர் இறங்குவதில்லை. கிச்சிலி, எலுமிச்சை, மாதுளை, அரளி முதலிய 1000-க்கும் மேற்பட்ட மரங்கள் அக்டோபர் முதல் மே வரை அங்கே தங்குகின்றன. அவற்றுள் சில 200 ஆண்டுகளைக் கடந்தவை. மன்னராட்சி மறைந்த பின்னும் அம்மரங்கள் வாழ்கின்றன!

அரண்மனை இல்லாத எளிய குடும்பத்தாரும் அந்நாடுகளில் ஓரிரு எலுமிச்சைத் தொட்டிகளை வீட்டினுள் வைத்துக் காக்கின்றனர். ஆனால், பல வீடுகளில் நவம்பரில் பசுமையாய் உள்ளே வந்த மரம் சனவரியில் இலையெல்லாம் உதிர்ந்து நிற்கிறது. காரணம் யாது? மண்ணின் வெப்பம் ஏறத்தாழ 13 பாகைக்குக் கீழே தாழ்ந்தால் வேர்கள் சோர்ந்துவிடும். அவை நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். அந்நிலையில் கண்ணாடி வழியே வரும் வெயிலால் இலைகள் சூடேறினால், அவை நீரை ஆவியாக வெளியிடும். மேலே செலவு மிகுதி. கீழே வரவு இல்லை. எனவே, மரம் இலைகளை உதிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. இதனை அறியாதவர், மரத்திற்குத் தாகம் போலும் என்று எண்ணி மேலும் மேலும் நீர் ஊற்றுவர். குளிர்ந்த மண்ணில் நீர் தேங்கும், வேர் அழுகும், மரம் மடியும். அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு அன்றோ?

இதற்கு வழிகள் இரண்டு. ஒன்று, மரம் முழுவதையும் 5 முதல் 10 பாகை வரை குளிர்ந்த, ஒளியுள்ள அறையில் வைத்து, நீரைச் சுருக்கி, உரமிடாது ஓய்வு கொள்ளச் செய்தல். மற்றொன்று, வேரும் இலையும் ஒருங்கே வெம்மை பெறுமாறு, ஒளி மிக்க தென்சாளரத்தின் அருகே வைத்து வளரவிடுதல். பின்னைய முறையில், தொட்டியைக் குளிர்ந்த கல்தரையில் வையாது மரப்பலகைமீது வைத்தல் வேண்டும். கணப்படுப்பின் வறண்ட காற்றும் மரத்தின்மீது படலாகாது.

எம்முறையாயினும், மண்ணில் விரலை இரண்டு அங்குலம் ஆழ்த்தி, ஈரம் குறைந்திருந்தால் மட்டுமே நீர் விடுதல் நன்று. தட்டில் தேங்கிய நீரை உடனே அகற்றுக. வறண்ட அறையில் செதிற்பூச்சியும் சிலந்திப்பேனும் பெருகும். ஆதலின், இலைகளின் அடிப்புறத்தை வாரந்தோறும் நோக்கி, ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். குளிர்காலத்தில் மலர்ந்தால் உள்ளே தேனீக்கள் இல்லை. மெல்லிய தூரிகையால் மகரந்தத்தை மலர்க்கு மலர் சேர்த்தல் காய் பிடிக்கத் துணை செய்யும். வேனில் வந்ததும் மரத்தை உடனே கடும் வெயிலில் நிறுத்தலாகாது, இலைகள் கருகும். சில நாள் நிழலில் வைத்துப் பழக்கிய பின்னரே வெயிலுக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

வாய் பேசா உயிரைக் காப்போர், அதன் தேவையை அதனிடமிருந்தே கற்றறிதல் வேண்டும். உதிரும் ஒவ்வோர் இலையும் ஒரு செய்தி. அச்செய்தியின் பொருளை ஆராய்ந்த பின்னரே நீர்க்குடத்தைக் கையில் எடுத்தல் அறிவுடைமை ஆகும்.