ஈயத்தை வெல்லும் நீர்

நிலவில் குடில் அமைத்துப் பல மாதங்கள் தங்க மனிதன் திட்டமிடுகிறான். மூச்சுக்காற்றையும் உணவையும் உடன்கொண்டு செல்ல வழியுண்டு. கண்ணுக்குப் புலப்படாத கதிர்வீச்சைத் தடுக்கும் கூரையை எதனால் வேய்வது என்பதே கடினமான வினா.

புவியில் நமக்கு இக்கவலை இல்லை. நம் தலைக்குமேல் உள்ள காற்று, ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ 10 டன் எடையுள்ள கூரையாக நிற்கிறது. அதற்கும் அப்பால் புவியின் காந்தப்புலம் அரணாக விளங்குகிறது. நிலவுக்கோ இவ்விரண்டும் இல்லை. சீனாவின் சாங்-இ 4 கலம் நிலவின் தரையில் அளந்தபோது, பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் உள்ளே இருப்பதைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கதிர்வீச்சு அங்கு இருப்பது தெரிந்தது.

அக்கதிர்வீச்சு இருவகைப்படும். கதிரவன் சீறும்போது புரோட்டான்கள் சில மணி நேரமோ சில நாள்களோ பாய்ந்து ஓய்கின்றன. 1972 ஆகஸ்டில் அத்தகைய பெரும்புயல் ஒன்று எழுந்தது. அப்பல்லோ 16 ஏப்ரலிலேயே திரும்பிவிட்டது. அப்பல்லோ 17 டிசம்பரில்தான் புறப்பட்டது. அந்த இடைவெளியில் நிலவில் எவரும் இல்லாதது நற்பேறே. மற்றொரு வகை அண்டக்கதிர். அது எந்நேரமும் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்துகொண்டே இருக்கும். இரும்பின் அணுக்கரு போன்ற கனத்த துகள்களும் அதில் உண்டு. அவை உயிரணுக்களைச் சிதைத்துப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும்.

மருத்துவமனையில் எக்ஸ் கதிர்ப் படம் எடுப்போர் ஈயம் பதித்த மேலாடை அணிவதைக் கண்டிருப்பீர்கள். அப்படியானால் ஈயச்சுவர் போதாதா? போதாது. எக்ஸ் கதிர் ஒளியின் இனத்தைச் சேர்ந்தது. அண்டக்கதிரோ விரைந்து வரும் துகள். அது ஈயத்தின் பருத்த அணுக்கருவில் மோதினால் அக்கரு சிதறி, நியூட்ரான் முதலிய புதிய துகள்களை உள்ளே பொழியும். காவலுக்கு நிறுத்தியவனே கல்லெறிவது போன்றது இது!

ஹைட்ரஜனின் கருவில் இருப்பது ஒரே ஒரு புரோட்டான். அதில் சிதறுவதற்கு ஏதுமில்லை. நியூட்ரானை நிறுத்தவும் அது வல்லது. ஒரே அளவுள்ள இரு கோலிக்குண்டுகள் நேருக்கு நேர் மோதும்போது, ஓடிவந்த குண்டு நின்றுவிடுவதைப் பார்த்ததுண்டா? நியூட்ரானும் புரோட்டானும் ஏறத்தாழச் சம எடையுள்ளவை. ஆகவேதான் ஹைட்ரஜன் மிகுந்த நீரும், நெகிழிப் பைகள் செய்யும் பாலிஎத்திலீனும் ஈயத்தினும் சிறந்த கவசங்களாகின்றன. விண்வெளி நிலையத்தின் உறங்கும் அறைகளில் பாலிஎத்திலீன் பதிக்கப்பட்டுள்ளது. ஓரியன் கலத்தில் செல்வோர், கதிரவப் புயல் எழுந்தால் தம் உடைமைப் பைகளையே சுற்றிலும் அடுக்கி அவற்றின் நடுவே ஒடுங்குவர்.

நெடுநாள் குடிலுக்கு அத்தனை நீரைப் புவியிலிருந்து சுமந்து செல்வது அரிது. நிலவின் மண்ணையே கூரைமேல் குவிக்கலாம். ஆனால் அதில் ஹைட்ரஜன் மிகக் குறைவாதலால் மீட்டர் கணக்கில் தடிப்பு வேண்டும். இயற்கை முன்பே கட்டிவைத்த கூரையும் உண்டு. பழைய எரிமலைக் குழம்பு வழிந்தோடியபின் எஞ்சிய குகை ஒன்று, சுமார் 1.7 கிலோமீட்டர் நீளத்தில் இருப்பதைச் சந்திரயான்-1 எடுத்த படங்களிலிருந்து இந்திய அறிவியலாளர் கண்டறிந்து 2011இல் வெளியிட்டனர்.

சொற்பொருள்: அரண் – காப்பு, வேய்தல் – கூரை மூடுதல், ஒடுங்குதல் – அடங்கி இருத்தல்.

பயிற்சி
1. ஈயச்சுவர் அண்டக்கதிரைத் தடுக்கப் போதாதது ஏன்?
2. ‘இவ்விரண்டும்’, ‘அக்கரு’ – பிரித்து எழுதுக.
3. குடிநீரே சுவராக உள்ள கலத்தில், அந்நீரைக் குடித்து முடித்தபின் சுவருக்கு என்ன செய்வது? நும் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.