மிதிவண்டியின் கழுத்து

ஈர மணலில் மிதிவண்டி சென்ற தடத்தைக் கண்டிருப்பீர்கள். அது கோடு போட்டாற்போல் நேராக இராது. இடமும் வலமுமாகச் சற்றே நெளிந்திருக்கும். வண்டி ஒரு பக்கம் சாயத் தொடங்கும்போது, நாம் அறியாமலே கைப்பிடியை அப்பக்கமாகச் சிறிது திருப்புகின்றோம், வண்டி நிமிர்கின்றது. இச்சிறு திருப்பங்கள் தடையின்றி நிகழ்ந்தால்தான் விழாமல் செல்லலாம். அவற்றுக்கு இடந்தருவது வண்டியின் கழுத்துத் தாங்கி. கடைக்காரர் அதனை ஹெட்செட் என்பார்.

முன்சக்கரத்தைப் பற்றியிருக்கும் கவையின் தண்டு, வண்டிச் சட்டத்தின் முன்குழாய்க்குள் புகுந்து மேலே வருகின்றது. அக்குழாயின் இரு முனைகளிலும் கிண்ணம் போன்ற வளையங்களும் அவற்றுள் எஃகுக் குண்டுகளும் உண்டு. பழைய வகை வண்டிகளில் மேல் வளையம் தண்டின் மரையில் திருகப்பட்டிருக்கும். அதன்மேல் ஒரு தகடும், அதற்கும் மேல் பூட்டுமரையும் அமையும்.

நம் மாணவன் ஒருவன், தன் வண்டி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று குறைப்பட்டான். முன்சக்கரத்தைத் தூக்கிக் கைப்பிடியை மெல்லத் திருப்பினோம். நேர்நிலைக்கு வந்ததும் 'டக்' கென்று நின்றது! கழுத்தில் பள்ளம் விழுந்திருந்தது.

சக்கரத்தின் அச்சிலும் குண்டுகள் உள்ளன. அங்கே ஏன் இவ்வாறு பள்ளம் விழுவதில்லை? சக்கரம் முழுச்சுற்றுச் சுழல்வதால் குண்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கிரீஸும் எங்கும் பரவும். கழுத்தோ சிறிதளவே திரும்புகின்றது. குண்டுகள் ஒரே இடத்தில் நின்று அதிர்ச்சிகளைத் தாங்குகின்றன. அவ்விடத்துக் கிரீஸ் விலகிவிட, எஃகு எஃகைத் தேய்க்கின்றது. அம்மாணவனின் வண்டியில் குண்டுகள் ஒரு தகட்டுக் கூட்டில் அடுக்கப்பட்டிருந்தன. கூட்டை நீக்கித் தனிக்குண்டுகளை இட்டால் எண்ணிக்கை கூடும்; பழைய பள்ளங்களில் எல்லாக் குண்டுகளும் ஒருங்கே விழா. இது சிக்கனமான மருத்துவம், ஆயினும் தற்காலிகமானதே.

புதிய தாங்கி வாங்குவதாயின் பழையதைக் கையோடு கொண்டு செல்லுங்கள். ஓர் அங்குலத் தண்டுகளுள் பெரும்பாலானவற்றில் அங்குலத்துக்கு 24 மரைகள். பழைய ராலே வண்டிகளிலோ 26. கவையின் அடியில் பொருந்தும் வளையத்தின் உள்விட்டமும் 26.4 மில்லிமீட்டர், 27.0 மில்லிமீட்டர் என இரு வகைப்படும். கண்ணுக்குத் தெரியாத இவ்வேறுபாட்டால் வாங்கிய பொருள் வீணாகும்.

இனி, சீர்செய்யும் முறை. பூட்டுமரையைத் தளர்த்தி, மேல் வளையத்தைக் குண்டுகளில் படியும்வரை கையாலேயே திருகுங்கள். பின்பு மயிரிழையளவு பின்னோக்கித் திருப்புங்கள். பூட்டுமரையை இறுக்கும்போது அது வளையத்தைச் சற்றே கீழே அழுத்தும்; அதற்காகவே இவ்விடைவெளி. வளையம் சுழலாதபடி ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் பூட்டுமரையை இறுக்க வேண்டும். ஒரே ஸ்பானரைக் கொண்டு முயன்றோர் பலமுறை முயன்றிருப்பர்!

முன் பிரேக்கை அழுத்தி வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். வளையங்கள் சந்திக்கும் இடத்தில் விரலை வைத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. முன்சக்கரத்தைத் தூக்கி வண்டியைச் சாய்த்தால், அது தானே அப்பக்கம் திரும்ப வேண்டும். ஆட்டம் இருப்பின் குண்டுகள் இடிபடும். இறுக்கம் மிகுந்தால் வண்டி தள்ளாடும்.

இக்காலத்து வண்டிகள் பலவற்றில் தண்டுக்கு மரை இல்லை. முதலில் கைப்பிடித் தண்டின் பக்கத் திருகாணிகளைத் தளர்த்தி, உச்சித் திருகாணியால் ஆட்டத்தை நீக்க வேண்டும். பின்னர்ச் சக்கரத்தோடு கைப்பிடியை நேர்ப்படுத்திப் பக்கத் திருகாணிகளை இறுக்க வேண்டும். கவையைப் பிடித்திருப்பவை இவையே. இவற்றை இறுக்க மறந்தால் கைப்பிடி திரும்பும், சக்கரம் திரும்பாது. ஆதலால் வண்டியில் ஏறுமுன் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே பற்றிக்கொண்டு, கைப்பிடியை வலிந்து திருப்பிப் பாருங்கள். அது சிறிதேனும் நழுவினால் பெரியவர் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள்.